தேய்பிறை அஷ்டமியில் நீல் தீவு: நான்கு பேர், ஒரு தார்ப்பாய், ஒரு கணக்கு நோட்டு

மன்னார்குடி வட்டாரத்து நண்பர்கள் நான்கு பேர் 2025 பிப்ரவரியில் அந்தமானின் நீல் தீவுக்குப் போய், அங்கே அறை எடுக்காமல் வெட்டவெளியில் தங்கிவிட்டு வந்தார்கள். தலைக்கு 18,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட வரம்பு. 17,450 ரூபாயில் முடிந்தது. நான் கூடப் போகவில்லை. என் மைத்துனர் போர்ட் பிளேரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், நானும் அங்கே போய் வந்தவன் என்பதால் யோசனை கேட்க வந்தார்கள். திரும்பி வந்தபின் செலவு நோட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்த ஆய்வு.

நான்கு பேரையும் தொழிலைச் சொல்லியே அழைக்கிறேன். ஒருவர் நீடாமங்கலம் பக்கத்தில் சம்பா சாகுபடி செய்யும் விவசாயி. ஒருவர் பேராவூரணித் தென்னந்தோப்புக்காரர். ஒருவர் நடுநிலைப் பள்ளி வாத்தியார். இன்னொருவர் மன்னார்குடியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், நோட்டு எழுதியவரும் அவரே.

எந்தத் தீவு?

தீவு என்றால் ஸ்ரீரங்கமும் தீவுதான், அங்கேயே போய்ப் படுத்துக்கொள்ளலாமே என்று விவசாயியின் வீட்டில் கேலி செய்திருக்கிறார்கள். இவர்களுக்கு வேண்டியது நாலாபக்கமும் உப்புத் தண்ணீர்.

முதலில் மண்டபம், தூத்துக்குடிக் கரையோரத் தீவுகளைத்தான் யோசித்தார்கள். பஸ் செலவோடு முடிந்துவிடுமே! ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே கூடாரம் போட்டு இரவு தங்குவது நடக்காத காரியம். லட்சத்தீவுக்கு நம் நாட்டவரும் நுழைவு அனுமதி வாங்க வேண்டும், அதோடு கொச்சி வரை போய்ப் புறப்பட வேண்டும். அந்தப் பேச்சு ஒரு டீயோடு முடிந்தது.

யாழ்ப்பாணத்தைப் பற்றித்தான் நிறையப் பேசினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணியர் கப்பல் தொடங்கியது. நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. நாகையில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து குறிகட்டுவான் துறைக்குப் போய்ப் படகேறினால் நெடுந்தீவு. மட்டக்குதிரைகள், பவளக்கல் அடுக்கிய வேலிகள், பெருக்கமரம் என்று வாத்தியார் படமெல்லாம் காட்டியிருக்கிறார். நம் டெல்டாக்காரனுக்கு இதைவிடக் கைக்கெட்டிய வெளிநாடு ஏது? ஆனால் இரண்டு பேரிடம் பாஸ்போர்ட் இல்லை. அதுகூடப் பெரிய தடை இல்லை, 1,500 ரூபாய் கட்டினால் கிடைத்துவிடும். உண்மையான சிக்கல் காலம். வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கப்பலை நிறுத்திவிடுவார்கள். மறுபடி எந்தத் தேதியில் ஓடும் என்று நவம்பரில் சொல்ல ஆளில்லை. விடுப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டிய வாத்தியாரை வைத்துக்கொண்டு, தேதி தெரியாத கப்பலை நம்ப முடியாது. சரி, அது இன்னொரு வருஷத்துக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த முடிவு சரி.

மிச்சம் அந்தமான். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகிய இடங்களுக்கு இந்தியர்களுக்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். வாத்தியாருக்கு நிக்கோபார்தான் ஆசை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் அதுதான், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றார். சோழன் படையோடு போனான், நமக்குப் பழங்குடிப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு வேண்டும், சுற்றுலாவுக்கு அதைத் தரமாட்டார்கள் என்று சொல்லி அமர்த்தினேன். பழங்குடிகள் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அங்கே இன்றும் கறாராக நடைமுறையில் இருக்கிறது. வழி தவறிப் போய்விட்டோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஹேவ்லாக்கா நீலா என்பதைத் தீர்த்து வைத்தவர் விவசாயி. நீல் சின்னத் தீவு, பதினான்கு சதுர கிலோமீட்டர்கூட வராது. பெரும்பாலும் சமதரை. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நெல்லும் காய்கறியும் பயிரிடும் ஊர். “வயக்காடு இருந்தா களம் இருக்கும், களம் இருந்தா படுக்க எடம் இருக்கும்” என்றார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. 2018இல் நீலுக்கு ஷஹீத் தீவு என்றும், 2024இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்றும் அரசு பெயர் மாற்றியிருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது இரண்டு பெயர்களையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தேதி

பணம் மிச்சமானது தேதியில். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

அந்தமானில் மே மாதப் பிற்பாதியிலிருந்து தென்மேற்குப் பருவமழை, அது விட்ட சூட்டோடு வடகிழக்கு. கடல் அடங்கி, வானம் வெளுத்திருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. நம் பக்கத்திலோ சம்பா அறுவடை தையில் ஓடும். அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். அது பங்குனியில் கைக்கு வரும். நெல்லும் போய், உளுந்தும் விளையாத மாசிதான் டெல்டா விவசாயி மூச்சுவிடும் மாதம். அந்தமான் கடல் அடங்கியிருக்கும் காலமும் அதுவே. பொங்கல் கூட்டமும் முடிந்து, கோடை விடுமுறைக் கூட்டமும் வராத இடைவெளி என்பதால் விமானக் கட்டணமும் அப்போது இறங்கி நிற்கிறது. பொங்கல் விடுமுறைக்குப் பார்த்தபோது போகவர 16,000 ரூபாயைத் தாண்டியது என்று நோட்டில் குறிப்பு இருக்கிறது. மாசிக்கு அதே வழி 9,800.

அடுத்தது நிலவு. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு பொருட்டே அல்ல. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது. போர்ட் பிளேர் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது இரண்டு மீட்டர் அளவுக்குப் போகும். மாலையில் காய்ந்து கிடக்கும் மணல் நடுராத்திரியில் தண்ணீருக்கு அடியில் இருக்கும். ஏற்றவற்றம் குறைவாக இருப்பது அரைநிலா நாட்களில், அதாவது அஷ்டமியை ஒட்டியும் அதற்கு ஓரிரு நாள் பின்னும்.

2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11. அதற்கு அடுத்து வந்த தேய்பிறை அஷ்டமி 20ஆம் தேதி. கரையோரம் படுப்பதற்குப் பார்த்தால் அந்த வாரம்தான் வாரம்.

வீடுகளில் சும்மா இருப்பார்களா? அஷ்டமி நவமியில் யாராவது பயணம் வைப்பார்களா என்று தோப்புக்காரரின் அம்மா காலண்டரைக் கழற்றிக்கொண்டே வந்துவிட்டார். கிளம்புவது 17ஆம் தேதி இரவு, அன்றைக்குப் பஞ்சமி, அஷ்டமியில் எங்கேயும் கிளம்பப் போவதில்லை, தீவில் சும்மா படுத்திருக்கத்தான் போகிறோம் என்று சொல்லிச் சமாதானம் செய்தார்கள். மழை, அறுவடை, விமானக் கட்டணம், கடலேற்றம் நான்கும் ஒத்துவரும் வாரம் வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான் அமையும். வாத்தியாருக்கும் அது தோதாக வந்தது. திங்கள் பள்ளி முடித்து ரயிலேறி, செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு தற்செயல் விடுப்பு, ஞாயிறு இரவு ரயில், திங்கள் பள்ளி.

சென்னையிலிருந்து கப்பலில் போனால் விமானத்தைவிடச் செலவு குறையுமே என்று யாரும் கேட்பார்கள். குறையும்தான். 1,200 கிலோமீட்டர் கடலைக் கடக்கக் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகிறது, மாதத்துக்குச் சில நடைகள்தான். கையில் நான்கு விடுப்பு வைத்திருக்கும் மனிதர் போவதற்கே அதைச் செலவழித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் லீவு இருக்காது. நேரம் கொட்டிக் கிடப்பவர்களுக்கு அந்தக் கப்பல்.

பணம் வந்த வழி

விமான டிக்கெட்டை மூன்று மாதம் முன்பே எடுத்தால்தான் விலை படியும். அப்படியென்றால் கார்த்திகை. கார்த்திகையில் எந்தச் சம்பா விவசாயியிடம் பணம் இருக்கிறது? 2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். நம்மவருக்குக் குறுவையும் இல்லை. இருந்ததையெல்லாம் சம்பாவில் போட்டிருந்தார்.

ஆடிப்பெருக்கு கழிந்ததும் நான்கு பேருமாக ஒரு சீட்டு ஆரம்பித்திருந்தார்கள். தலைக்கு மாதம் 2,500. ஏலமில்லை, தள்ளுபடியில்லை, வெறும் உண்டியல் மாதிரி. நவம்பர் தவணையோடு 40,000 சேர்ந்தது. நான்கு டிக்கெட் 39,200. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுத்தான் தவணையை முடிவு செய்தார்களாம். விவசாயியின் பங்கைச் செல்போன் கடைக்காரர் சேர்த்துப் போட்டுவிட்டு, கொள்முதல் நிலையத்துப் பணம் வந்ததும் வாங்கிக்கொள்வதாக எழுதி வைத்தார். ஜனவரி மழையில் நெல் நனைந்து, 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காயவைத்து எடை போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறுவதற்குள் பயணமே முடிந்துவிட்டது. நட்பு முறிந்ததாகத் தகவல் இல்லை.

கூடாரமா, படுதாவா?

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு கூடாரம் வாங்குவதாக இருந்தார்கள். ஆன்லைனில் பார்த்து வைத்ததெல்லாம் ஜிப் வைத்த குமிழ் வகை. வாங்குமுன் ஒன்றை இரவல் வாங்கிப் பாருங்கள் என்றேன். பொங்கலுக்கு முன்னால் விவசாயியின் களத்திலேயே விரித்து இரண்டு பேர் படுத்தார்கள். விடியற்காலையில் உள்பக்கத் துணியெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்து, தலையணையில் சொட்டியிருக்கிறது. மூச்சுக்காற்றின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த துணியில் படிந்துவிடுகிறது. இது மார்கழிக் குளிரில். அந்தமானில் பிப்ரவரி ராத்திரியும் புழுக்கம்தான், காற்றில் ஈரமும் அதிகம். அங்கே அதே கூடாரம் இட்லிக் கொப்பரையாகிவிடும்.

விவசாயி அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார். “அண்ணே, நெல்லக் கொட்டிட்டு கொள்முதல் நெலையத்து வாசல்ல ராவெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில படுத்துக் கெடக்குறவன் நானு. எனக்குப் போயி கேம்பிங் கத்துக்குடுக்குறீங்களே.”

நியாயமான பேச்சு. நெல்லுக்குக் காவல் படுக்கும் டெல்டாக்காரனுக்குத் தெரியாத கூடாரக் கலை எது? மேலே ஒரு தார்ப்பாய், அடியில் கொசுவலை, தலைமாட்டில் டார்ச். நாலு பக்கமும் காற்று ஓடும். கடைசியில் வாங்கியது 18க்கு 12 அடி தார்ப்பாய் ஒன்று, இரட்டைக் கொசுவலை இரண்டு, நைலான் கயிறு. மொத்தம் 1,800 ரூபாய், தலைக்கு 450. தரையில் விரிக்கப் பழைய யூரியா சாக்குகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டார்கள்.

தைக்காத வெறும் சாக்குகள் நான்கைந்தும் மூட்டைக்குள் போயின. அது தோப்புக்காரரின் யோசனை. மணலில் முளை நிற்காது, ஒரு காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். அதற்கு அவர் செய்தது இப்படி. சாக்கில் முக்கால் பங்கு மணல் நிரப்பி வாயைக் கட்டி, நடுவில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுவார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக ஒரு முழ ஆழம் குழி தோண்டி, சாக்கைக் கயிற்றுக்குக் குறுக்காகக் கிடத்தி, மணலைத் தள்ளி மிதித்துவிடுவார். கயிறு இழுக்க இழுக்க, மேலே இருக்கும் மணலே அதை அமுக்கிப் பிடிக்கும். திரும்பும்போது மணலைக் கொட்டிவிட்டுச் சாக்கை மடித்துக்கொண்டால் எடையே இல்லை.

எடை முக்கியம். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெட்டியில் போடுவது பொதுவாக 15 கிலோ. கேஸ் குப்பி, மண்ணெண்ணெய் எதுவும் விமானத்தில் ஏறாது. காட்டோரத்தில் நெருப்பு மூட்டுவதும் வம்பு. ஆகவே சமையலே வேண்டாம் என்று தீர்மானித்து அவல், சத்துமாவு, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் மட்டும் எடுத்துப் போனார்கள். காலைக்கு ஊறவைத்த அவலும் வாழைப்பழமும், மதியத்துக்குக் கடைச் சாப்பாடு. தோப்புக்காரர் தேங்காய் வெட்ட அரிவாள் கொண்டுபோக வேண்டும் என்று கடைசி வரை மல்லுக்கட்டியதாகவும், விமான நிலையத்தில் எக்ஸ்ரே பார்க்கும் ஆளுக்குப் பேராவூரணி எங்கே இருக்கிறது என்று தெரியாது எனச் சொல்லிப் பிடுங்கி வைத்ததாகவும் கேள்வி.

கடற்கரையில் ஏன் படுக்கவில்லை?

படங்களில் பார்ப்பது போல மணல்மேல் கூடாரம், பத்தடியில் அலை என்பதுதான் எல்லோருக்கும் கனவு. நான் அதை வெட்டிவிட்டேன். மூன்று காரணம் சொன்னேன், நான்காவது அங்கே போனதும் அவர்களுக்கே தெரிந்தது.

அங்கே கடற்கரையை ஒட்டிய நிலம் பெரும்பாலும் வனத்துறையுடையது. அனுமதி இல்லாமல் இரவு தங்கினால் எழுப்பி அனுப்பிவிடுவார்கள், வழக்கும் வரலாம். கடலேற்றத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அடுத்தது முதலை. கொள்ளிடத்தில், அணைக்கரைப் பக்கம் முதலை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அது ஆற்று முதலை. அந்தமானில் இருப்பது உவர்நீர் முதலை. அலையாத்திக் காட்டு ஓடையிலிருந்து கிளம்பிக் கடல் வழியாகவே அடுத்த கரைக்குப் போகக்கூடியது. 2010இல் ஹேவ்லாக்கில் கடலில் நீந்திக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை இழுத்து இறந்துபோனார். அதற்காகத் தீவையே ஒதுக்க வேண்டியதில்லை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காமல், ஓடை கடலில் சேரும் இடத்தில் இருட்டியபின் நடமாடாமல் இருந்தால் போதும். ஆனால் அங்கே போய்த் தலைமாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு தூங்குவது எதற்கு?

நான்காவது, மணல் ஈ. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. காலையிலும் மாலையிலும் ஈர மணலை ஒட்டிப் பறக்கும். கடித்த அன்று ஒன்றும் இருக்காது, மறுநாள் ராத்திரி சொறிந்து மாளாது. கணுக்கால், முழங்கால் வரை தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசிக்கொள்வது அங்கே வழக்கம். பேராவூரணிக்காரர் கொண்டுபோன செக்கெண்ணெய் பாட்டில் மூன்றாம் நாளே காலி.

அதனால் படுத்தது ஒரு விவசாயக் குடும்பத்தின் தோட்டத்தில். என் மைத்துனர் கடைக்குச் சரக்கு வாங்க வருபவரின் உறவுக்காரர் அவர். கிணறு, குளியலறை, கழிப்பறையோடு சேர்த்துத் தலைக்கு இரவுக்கு 200 ரூபாய். ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொண்டார். கடற்கரை நடக்கும் தூரம். தார்ப்பாயை எங்கே கட்டுவது என்பதில் மட்டும் தோப்புக்காரர் வாயைத் திறந்தார். தோட்டக்காரர் காட்டிய இடம் இரண்டு தென்னைகளுக்கு நடுவே, கயிறு கட்ட வாகாக இருந்தது. அண்ணாந்து பார்த்தவர், முற்றிய குலை தொங்குது, நான் இங்கே படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கஜா புயலில் தோப்பையே சாயக் கொடுத்தவர், தென்னையை அண்ணாந்து பார்க்காமல் அவர் அடியெடுத்து வைப்பதில்லை. பாக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம், திறந்த மேட்டில் கட்டினார்கள்.

போனதும் வந்ததும்

மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம். டிக்கெட் ஐந்து ரூபாய். எதிரே விமான நிலையம். எழும்பூர் போய் ஆட்டோ பிடித்துத் திரும்பி வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். போர்ட் பிளேரில் இறங்கினால் தமிழே போதும், கடைத்தெருவில் நிறையப் பேர் பேசுகிறார்கள். அன்று இரவு அபர்டீன் பஜார் பக்கம் அறை. மறுநாள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து அரசுப் படகு, நீலுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். தனியார் அதிவேகப் படகில் கேட்கும் தொகையில் பாதிகூட இல்லை. டிக்கெட் சில நாள் முன்புதான் திறக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். உள்ளூரில் ஆள் இருந்தால் நல்லது, இவர்களுக்கு என் மைத்துனர் இருந்தார்.

முதல் நாள் மாலை இவர்களைத் திணறடித்தது வெளிச்சம். தீவு நமக்குக் கிழக்கே பதின்மூன்றரைப் பாகை தள்ளி இருக்கிறது, கடிகாரமோ அதே இந்திய நேரம். மன்னார்குடியில் ஆறேகாலுக்கு மறையும் சூரியன் அங்கே ஐந்தரைக்கு முன்பே போய்விடுகிறது. டீ குடித்துவிட்டு நிதானமாகக் கட்டலாம் என்று உட்கார்ந்தவர்கள், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சாக்கில் மணல் அள்ளியிருக்கிறார்கள். ராத்திரி துறவி நண்டுகள் சங்கு ஓட்டோடு வந்து, அவல் ஊறிய தூக்குப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருந்தனவாம். திருடன் என்று நினைத்து வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பதிலுக்கு, விடியலும் சீக்கிரம். ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம், ஏழு மணிக்குள் ஒரு கரை பார்த்து முடிந்துவிடும். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர் என்று நான்கு கரைகளையும் வாடகைச் சைக்கிளிலேயே பார்த்தார்கள்.

அஷ்டமிக்கு விலை இல்லாமல் இல்லை. லட்சுமண்பூரில் கடல் குடைந்த பாறை வளைவு ஒன்று உண்டு. தண்ணீர் நன்றாக வற்றினால்தான் அதன் அடி வரை நடக்க முடியும். ஏற்றம் குறைவான நாட்களில் வற்றமும் குறைவுதானே? முழங்கால் தண்ணீரில், கூரான பவளப் பாறைமேல் தட்டுத் தடுமாறித்தான் போயிருக்கிறார்கள். செல்போன் கடைக்காரரின் செருப்பு அங்கேயே போயிற்று. பாறை வளைவைப் பார்ப்பதுதான் முக்கியம் என்பவர்கள் அமாவாசையை ஒட்டிப் போகட்டும், ஆனால் கரையை விட்டுத் தள்ளிப் படுக்கட்டும். ஒரு சிப்பிகூட எடுத்து வரவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் பல சங்கு வகைகளும் வருகின்றன, விமான நிலையத்தில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

சோதனை சனிக்கிழமை வந்தது. காலையில் ஏற வேண்டிய படகு இயந்திரக் கோளாறு என்று வரவில்லை. திட்டத்தின் முதல் பிரதியில், ஞாயிறு காலைதான் நீலிலிருந்து கிளம்பி நேராக விமானம் பிடிப்பதாக வாத்தியார் எழுதியிருந்தார். போர்ட் பிளேரில் ஒரு ராத்திரி அறை வாடகை, தலைக்கு 400, மிச்சம் என்பது அவர் வாதம். தீவிலிருந்து விமானத்துக்கு நடுவே ஒரு ராத்திரி கட்டாயம் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்லி மாற்றியிருந்தேன். பயணத்திலேயே மலிவான காப்பீடு அந்த 400 ரூபாய்தான். படகு வராத சேதி ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால் விமான டிக்கெட் நான்கும் போயிருக்கும். சனிக்கிழமை என்பதால் மதியம் தனியார் படகில் கூடுதலாகக் கொடுத்து ஏறிவிட்டார்கள், ராத்திரி பஜாரில் தோசை.

நோட்டு சொல்வது

தலைக்கு ஆன செலவு இது. ரயில் போகவர 500. விமானம் 9,800. படகுகள் 1,900. போர்ட் பிளேரில் இரண்டு இரவு அறை 800. நீலில் மூன்று இரவு தோட்ட வாடகை 600. சாப்பாடு 2,000. பஸ், ஆட்டோ, சைக்கிள் 900. கண்ணாடி போட்டுக் கடலுக்கடியில் பார்த்தது, நுழைவுக் கட்டணம் எல்லாமாக 500. தார்ப்பாய் வகையறா 450. ஆக 17,450.

இதில் வெளியில் படுத்ததால் மிச்சம் எவ்வளவு? நீலில் எளிய குடில் இரண்டு பேருக்கு 1,000 ரூபாய்க்குக் கிடைத்தது, தலைக்கு 500. தோட்டத்தில் 200. மூன்று இரவுக்கு மிச்சம் 900. அதில் தார்ப்பாய், வலைக்குப் போனது 450. ஆகக் கையில் நின்றது 450 ரூபாய்தான். ஆளுக்கொரு குமிழ்க் கூடாரம் வாங்கியிருந்தால் அறை எடுத்ததைவிட அதிகம் செலவாகியிருக்கும். தேதியைப் பொங்கலிலிருந்து மாசிக்கு நகர்த்தியதில் மிச்சமானது 6,000 ரூபாய்க்கும் மேல். செலவைக் குறைக்கத்தான் கூடாரம் போடுகிறோம் என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் நான் காட்டுவதுண்டு. வெளியில் படுக்கப் பிடித்தால் படுங்கள், அது வேறு சங்கதி. தோட்டக்காரர் வீட்டு அம்மா அடுத்த நாளே அவலை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு மீன் குழம்பு ஊற்றினார். உளுந்தை நெல் வயலில் நிற்கும்போதே தெளித்துவிடுவோம் என்று நம் விவசாயி சொன்னதை அந்த வங்காளி விவசாயி நம்பவே இல்லை, போனில் வயலைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். குடிலில் தங்கியிருந்தால் அதெல்லாம் நடந்திருக்காது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தகராறு இன்னும் தீராமல் இருக்கிறது. தார்ப்பாய் இப்போது நீடாமங்கலத்தில் உளுந்து காயப் போடப் பயன்படுகிறது. பொதுப்பணத்தில் வாங்கிய பொருளை ஒருவர் மட்டும் வைத்துக்கொண்டால் மற்ற மூன்று பேருக்கும் அவர்கள் போட்ட பங்கைத் திருப்ப வேண்டும் என்கிறார் செல்போன் கடைக்காரர். காசாகத் தரமாட்டேன், ஆளுக்கு இரண்டு படி உளுந்து அளக்கிறேன் என்கிறார் விவசாயி.